வானம் போட்ட இரட்டை வெடி

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவனுக்கு வெளிநாட்டுப் பயணம் எங்கே வாய்க்கும்? எனக்கு வெளிநாடு என்றால் கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேரளம். கொஞ்சம் நடந்தால் போதும், பலகையில் எழுத்து மாறிவிடும். பஸ்ஸின் நிறம் மாறிவிடும். நம் பக்கத்தில் கிடைக்காத கள் கிடைக்கும். மற்றபடி அதே தென்னை, அதே கொங்குப் பேச்சு, அதே வெயில்.

அப்போது பொள்ளாச்சியில் ஒரு மின்வேலிப் பட்டறையில் ஒட்டிக்கொண்டிருந்தேன். யானையும் பன்றியும் தோட்டத்துக்குள் வராமலிருக்கக் கம்பி கட்டி, அதில் விட்டு விட்டு மின்சாரம் அனுப்பும் பெட்டிகளைப் பழுது பார்க்கும் இடம். தொட்டால் உதறும், உயிரை எடுக்காது. முதலாளி மூன்று வேலைகளைச் சேர்த்துச் சொல்லி அனுப்பினார். கோபாலபுரத்துத் தோப்பு ஒன்றில் பெட்டி மாற்ற வேண்டும். கஞ்சிக்கோட்டில் பாட்டரி வாங்க வேண்டும். அதை எடுத்துக்கொண்டு மலையேறி, சூரியநெல்லியில் ஒரு தேயிலைத் தோட்டத்து வேலிக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

தோப்பு வேலை மத்தியானத்துக்குள் முடிந்தது. பசிக்குக் கள்ளுக்கடையை விட்டால் பக்கத்தில் வேறு இடமில்லை. எனக்குக் கள் ஒத்துக்கொள்ளாது. ஆனால் அங்கே மிளகு போட்டு வறுத்துத் தரும் வாத்து முட்டைக்காக இன்னொரு முறை எல்லை தாண்டலாம். கடைக்குப் பின்னால் கால்வாய். யாரோ மேய்க்க ஓட்டிவந்த வாத்துக் கூட்டம் அதில் நீந்திக்கொண்டிருந்தது.

முட்டையைப் பிட்டு வாயில் வைக்கும்போது அந்தச் சத்தம் வந்தது. முதலில் தகரக் கூரை உதறியது. பிறகுதான் என் காதுக்கு எட்டியது போலிருந்தது. பெரிய கதவு ஒன்றை யாரோ இரண்டு முறை அறைந்து சாத்தியது மாதிரி, ஒன்றின் முதுகில் இன்னொன்று. கால்வாயில் வாத்துகள் எல்லாம் ஒரே நேரத்தில் கழுத்தை நீட்டின. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. மேலே வெறும் நீலம்.

“ஏனுங்க, குவாரியில இந்நேரத்துக்கு வெடி வெக்கறாங்களா?” என்று மூலையில் இருந்தவர் கேட்டார்.

“குவாரி வெடின்னா ஒண்ணுதானுங்க வரும்,” என்றார் கடைக்காரர். “காலுக்கடியில மொதல்ல தெரியும். இது தலைக்கு மேல. ரெண்டு கேட்டுது.”

“உங்க கள்ளு ஒண்ண ரெண்டாக் காட்டுதுங்க.”

என் எதிரில் தண்டபாணி என்றொருவர் உட்கார்ந்திருந்தார். கிழக்கே உள்ள போர் விமானத் தளத்தின் சமையல்கூடத்தில் வெகுகாலம் சோறு வடித்தவர். அவர் அண்ணாந்து பார்க்கவே இல்லை. “அவனுங்கதான். சத்தத்தவிட வேகமாப் போறானுங்க. இப்ப மேல பாத்து என்னுங்க பண்றது? அவன் எந்த ஊரத் தாண்டுறானோ,” என்றார்.

எனக்கு அது புரியவில்லை என்று சொன்னேன். அவர் கால்வாயைக் காட்டினார்.

“அந்த வாத்தப் பாருங்க. மெதுவா நீஞ்சறப்ப அது கெளப்புற அலை அதுக்கு முன்னாடியே போயிருது. கரையில இருக்கிறவனுக்கு வாத்து வாரது முன்கூட்டித் தெரியும். அதே வாத்து அலையவிட வேகமாப் போனா? அலை முன்னால போக வழியில்லீங்க. எல்லாம் பின்னால குமிஞ்சு, ரெண்டு பக்கமும் வரப்பாட்டம் நிக்கும். அந்த வரப்பு கரையில மோதறப்பத்தான் கரைக்கே சேதி தெரியும். அப்ப வாத்து எங்க இருக்கும்?”

“எங்க வயித்துல,” என்றார் மூலைக்காரர், வாத்துக்கறித் தட்டை வழித்துக்கொண்டே.

“அப்ப வர்றப்ப சத்தமே கேக்காதா?” என்று கேட்டேன்.

“ஒரு பொட்டுக் கேக்காதுங்க. அவன் சத்தத்தக் கூட்டிட்டு வரமாட்டான். இழுத்துட்டுத்தான் போவான்.”

அன்று தோப்பின் மோட்டார் அறையில் படுத்தேன். எறும்பு இருந்தது. சாக்கை உதறிப் போட்டதும் அவை ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமுமாகச் சமாதானம் ஆகிவிட்டோம்.

மறுநாள் கஞ்சிக்கோட்டில் பாட்டரி கிடைத்தது. பஸ் கிடைக்கவில்லை. பாட்டரியோடு ஏறியவனை நடத்துநர் பார்த்த பார்வையிலேயே இறங்கிவிட்டேன். “இதின்றெ ஆசிட் ஆருடெயெங்கிலும் மேல் வீணாலோ?” என்று மலையாளத்தில் கேட்டார். யார் மேலாவது அமிலம் கொட்டினால் யார் பொறுப்பு என்கிறார். நியாயந்தான். விடிந்தால் ஒரு காய்கறி லாரி மலைக்குப் போகும், பின்னால் ஏற்றிக்கொள்வதாக ஓட்டுநர் சொன்னார். அதுவரை தங்க இடம் வேண்டும்.

பாட்டரிக் கடைக்குப் பின்னால் இரும்பாலைத் தொழிலாளிகள் தங்கும் அறைகள். எல்லாரும் வடக்கத்திக்காரர்கள். கிஷன் என்பவர் தன் பாயில் பாதியை எனக்கு விட்டுக்கொடுத்தார். சுட்ட ரொட்டி, உருளைக்கிழங்கு, கடித்துக்கொள்ளப் பச்சை மிளகாய். எங்கள் ராமநாதபுரம் பக்கம் விருந்தாளிக்கு மிளகாயை இப்படி முழுதாக நீட்டினால் சண்டை என்று அர்த்தம்.

கிஷனின் ஊர் வடமேற்கே மணல்காட்டில் இருக்கிறது. கோபாலபுரத்து வெடியைச் சொன்னதும் அவர் சிரித்தார். கலந்து கட்டிய இந்தியிலும் தமிழிலும் அவர் சொன்னது இது: “எங்கள் ஊரில் ஒட்டகமே அதற்குத் திரும்பிப் பார்க்காது. என் ஊர்க்காரன் தன் வீட்டுக்கு நேர்மேலேதான் விமானம் சத்தத்தை உடைத்தது என்பான். என் பெண்டாட்டி ஊர்க்காரன் தன் வீட்டு மேலே என்பான். இரண்டும் தப்பு. ஒரே இடத்தில் உடைவதல்ல அது. மீன்வலையைத் தரையில் இழுத்துக்கொண்டு போவது மாதிரி. வேகம் குறையும் வரை வழியெல்லாம் வலை விழுந்துகொண்டே போகும். யார் தலையில் விழுகிறதோ அவனுக்கு அப்போது வெடி.”

“ஏன் இரண்டு கேட்கிறது?”

“மூக்குக்கு ஒன்று, வாலுக்கு ஒன்று,” என்று ரொட்டியின் இரண்டு முனைகளையும் தொட்டுக் காட்டிவிட்டு அதைத் தின்றார்.

காய்கறி லாரியில் பீட்ரூட் மூட்டைகளின் மேல் பாட்டரியை மடியில் வைத்துக்கொண்டு போனேன். மலைப்பாதையில் ஒரு இடத்தில் மண் சரிந்து கிடந்தது. அதை ஒதுக்கும் வரை மழையில் நின்றோம். மேலே வந்து ஜீப் மாறி, சூரியநெல்லியில் இறங்கியபோது சாயங்காலம். கையுறை இல்லாமல் வந்ததற்கு விரல்கள் தண்டனை அனுபவித்துக்கொண்டிருந்தன.

அந்தோணி என்பவர் வந்து அழைத்துப்போனார். லயத்து ஆட்கள் தாங்களாகச் சேர்ந்து யானைக்காவல் வைத்திருக்கிறார்கள். காவல்காரர் இவர். லயம் என்பது தொழிலாளர் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். அந்தோணியின் பாட்டன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவராம். பேச்சில் அந்த ஊர் இன்னும் இருந்தது.

அவர் மனைவி எஸ்தர் மரவள்ளிக் கிழங்கும் கருவாட்டுக் குழம்பும் வைத்திருந்தாள். தலை குனிந்து ஜெபம் முடித்ததும் என் தட்டைப் பார்த்தாள். “என்னண்ணே, சும்மா பாத்துக்கிட்டு இருக்கீக? கரண்டு குடுத்தாத்தான் உங்க கை அசையுமோ?”

“குளிர்ல மரத்துப்போச்சும்மா.”

“இதெல்லாம் குளிரா? மார்கழியில வாங்க, காட்டுதேன்.”

கொழுந்து எடுப்பதில் எஸ்தரை முந்த ஆளில்லை என்று அந்தோணி சொன்னார். தேயிலைக் காட்டுக்குள் முதலில் இறங்குகிறவளுக்குத்தான் நல்ல நிரை. செடி வரிசையைத்தான் நிரை என்கிறார்கள். “இவளுக்கு முந்தி வேற எவளும் எறங்குனதா சரித்திரமே கிடையாது. அதுதான் எனக்குப் பயம்,” என்றார்.

பயப்படக் காரணம் இருந்தது. வேலி செத்துக் கிடந்ததால் ஒற்றை யானை ஒன்று தினமும் வந்துகொண்டிருந்தது. மேட்டில் நின்று பெண்கள் கொழுந்தெடுப்பதை மேற்பார்வை பார்ப்பதால் அதற்குக் கங்காணி என்று பெயர். பெயர் வேடிக்கை. ஆனால் போன மழைக்கு முன்னால் பக்கத்து லயத்துப் பெண் ஒருத்தியின் இடுப்பை முறித்ததும் அதுதான். இன்னும் அவள் எழுந்து நடக்கவில்லை.

காட்டுக்குள் கைபேசிக்கு டவர் கிடையாது. ஆகவே அவர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அந்தோணி மேட்டிலிருந்து ஒரு வெடி போட்டால் கங்காணி வந்திருக்கிறான் என்று அர்த்தம். பெண்கள் எல்லாரும் ஏறி, காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். இரண்டு வெடி கேட்டால் கடந்துவிட்டான், திரும்பி இறங்கலாம். எங்கள் ஊர்ச் சமவெளியில் சத்தம் போனால் போனதுதான். இங்கே ஒவ்வொரு சத்தத்துக்கும் எதிர்மலை பதில் சொல்லும். ஒற்றை வெடியும் எதிரொலியும் சேர்ந்து இரண்டாகிவிடக் கூடாது. அதனால் இரட்டை வெடியின் திரிகளைச் சேர்த்து முறுக்கி, எதிரொலி வருவதற்கு முந்தியே இரண்டும் அடுத்தடுத்து வெடிக்கும்படி செய்வார்கள்.

அந்த ஜோடியைக் கட்டுவது எஸ்தரின் வேலை. சாப்பிட்டு முடிந்ததும் அடுப்போரம் உட்கார்ந்து கட்டினாள். பனியில் நமுத்துப்போகாமல் இருக்க, கிழிந்த மழைக்கோட்டிலிருந்து நறுக்கிய மஞ்சள் பட்டையைச் சுற்றி மூன்று முடிச்சுப் போட்டாள். ஒரு நாளைக்கு ஒரு ஜோடிதான். “ரெண்டு ஜோடி இருந்து, இவரு பயத்துல ஒண்ண முன்னாலயே போட்டுட்டா என்ன செய்ய?” என்றாள். அந்தோணி குழம்புச் சட்டியை வழித்தார்.

காலையில் அந்தோணியோடு மேட்டுக்கு ஏறினேன். பனிமூட்டம். கீழே சரிவு முழுக்கத் தேயிலை. சரிவின் அடியில் ஓடையோடு ஒரு பள்ளம். பள்ளத்துக்கு அந்தப் பக்கமும் தேயிலை, அதற்கு மேலே ரோடும் கொட்டகையும். நான் பெட்டியைத் திறந்து கம்பி சீவிக்கொண்டிருந்தபோது அந்தோணி என் தோளைத் தொட்டார். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு நடுவில் கங்காணி நின்றிருந்தது. எப்போது வந்தது என்று எங்களுக்குத் தெரியாது. அவ்வளவு பெரிய உடம்பு அவ்வளவு அமைதியாக வரும் என்று நான் நினைத்ததில்லை.

அந்தோணி ஒற்றை வெடியைப் போட்டார். கீழே பெண்களின் பேச்சுச் சத்தம் மெல்ல நகர்ந்து, பள்ளத்தைக் கடந்து, கொட்டகைப் பக்கம் ஏறியது. கங்காணி மரப்பட்டையை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. நாங்கள் பாறை மறைவில் காத்திருந்தோம். வழக்கமாக அது மேட்டோடு நடந்து அணைத் தண்ணீருக்குப் போய்விடுமாம்.

அப்போதுதான் வானம் அடித்தது. டும்டும். கோபாலபுரத்தில் கேட்ட அதே சத்தம். ஒன்றின் முதுகில் இன்னொன்று, எதிரொலிக்கு இடம் விடாமல். பெட்டியின் மூடி கிணுகிணுத்தது. மலைகள் ஒவ்வொன்றாகப் பதில் சொல்லி ஓய்ந்தன. கங்காணி காதுகளை விரித்து நின்றது. பிறகு உடம்பைத் திருப்பி, மேட்டு வழியை விட்டுவிட்டு, சரிவில் பள்ளத்தை நோக்கி இறங்கியது. பனி அதை மூடிக்கொண்டது.

அந்தோணி என்னைப் பார்த்தார். “ரெண்டு கேட்டுருக்கும்லா,” என்றார். “எறங்குவாளுக.”

சொல்லி முடிப்பதற்குள் பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து பேச்சுச் சத்தம் மறுபடி கிளம்பியது. அது கீழே வந்துகொண்டிருந்தது.

அவர் கை இன்னொரு ஒற்றை வெடியை எடுத்தது. தீப்பெட்டியைத் திறந்தவர் மூடிவிட்டார். “இப்ப இங்கிருந்து போட்டா பயந்து இன்னும் கீழதான் ஓடுவான். கீழ அவளுக.” சட்டைக்குள்ளிருந்து மஞ்சள் பட்டை சுற்றிய ஜோடியை எடுத்து என் கையில் வைத்தார். “அந்த வாய்க்காலோட எறங்குனா நீங்க சுத்திப் போயிரலாம். நான் இவன விட்டுட்டு வரக்கூடாது. இத எஸ்தர்ட்ட காட்டுங்க. பேசிக்கிட்டு நிக்காதிய, காட்டுங்க.”

மழைநீர் வாய்க்காலில் பாதியை ஓடியும் பாதியைச் சறுக்கியும் இறங்கினேன். முழங்கால் உரிந்தது. ஓடையைத் தாண்டி மேலேறினால் எதிரே பெண்கள், இடுப்பில் தார்ப்பாய் கட்டி, கையில் கொழுந்து வெட்டும் கத்திரியோடு.

“என்ன வேலிக்காரரே, கங்காணி வெரட்டிட்டானா?” என்றாள் ஒருத்தி.

“கீழ வராதீங்க. அவன் பள்ளத்துலதான் இருக்கான்.”

“ரெண்டு கேட்டுச்சுல்லா?”

“அது வெடி இல்ல. விமானம்.”

அவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். பனியைத் தவிர ஒன்றுமில்லை, ஒரு இரைச்சல்கூட இல்லை. “விமானமாம்ட்டி. காலையிலயே ஏத்திட்டு வந்துட்டாரு,” என்று பின்னால் ஒருத்தி சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வாத்தும் தெரியும், மீன்வலையும் தெரியும். ஆனால் அதையெல்லாம் விளக்க இது நேரமில்லை. எஸ்தரைத் தேடினேன். அவள் அந்தக் கூட்டத்தில் இல்லை. என்னைக் கடந்து, பள்ளத்தின் விளிம்பில் நல்ல நிரையைப் பிடித்து, முதுகைக் காட்டி வெட்டிக்கொண்டிருந்தாள். கத்திரியின் சத்தம் மட்டும் கேட்டது.

செடிகளுக்குள் நுழைந்து அவள் முன்னால் கையை நீட்டினேன்.

திட்ட வாயெடுத்தவள், மஞ்சள் பட்டையைப் பார்த்தாள். அவள் கிழித்த பட்டை. அவள் போட்ட மூன்று முடிச்சு. திரி கருகாமல் முழுசாக இருந்தது. கத்திரியை மெதுவாகச் செடிமேல் வைத்தாள். கொழுந்துச் சாக்கை அப்படியே விட்டுவிட்டு, என் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தாள். பெண்களிடம் வந்ததும் ஜோடியை வாங்கி ஒருமுறை உயர்த்திக் காட்டினாள். சிரிப்பு நின்றது. ஒருத்தி அடுத்தவளின் கையைத் தொட, அவள் அதற்கடுத்தவளைத் தொட, எல்லாரும் சத்தமில்லாமல் ஏறினோம்.

கொட்டகையிலிருந்து பார்த்தபோது பள்ளத்துப் பனிக்குள் செடிகள் முறிந்தன. பிறகு முதுகு தெரிந்தது. எஸ்தர் நின்ற நிரையில், அவள் விட்ட சாக்கின் முன்னால் கங்காணி வந்து நின்றது. கோபமெல்லாம் இல்லை. சாக்கைத் தும்பிக்கையால் முகர்ந்து, காலால் ஒருமுறை உருட்டிவிட்டு, அதன் மேலேயே மிதித்து ஓடைவழியே தண்ணீருக்குப் போனது. எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“சாக்கு போச்சே,” என்றாள் கடைசியில்.

அதன் பிறகு ஒரு சிக்கல். இரண்டு வெடி கேட்காமல் யாரும் இறங்க மாட்டார்கள். இரண்டு வெடியோ கொட்டகையில் இருந்தது. “மேல இருந்துதான வரணும்? இவரு கொண்டாந்துட்டாரு. இனி சாயங்காலம் வரைக்கும் லீவுதான்,” என்று அதே பெண் சொன்னாள். தோட்டத்து அதிகாரி பைக்கில் வந்து ஏன் வேலை நடக்கவில்லை என்று கேட்டார்.

“ரெண்டு வரல சார்.”

“நான் பங்களாவில் இருந்து கேட்டேனே.”

“அது எங்க ரெண்டு இல்ல சார்,” என்றாள் எஸ்தர்.

கடைசியில் அந்தோணியே சுற்றி நடந்து வந்து, கங்காணி அணைப்பக்கம் போய்விட்டதைச் சொன்னார். எஸ்தர் பக்கத்தில் உட்கார்ந்து அவள் பிளாஸ்கிலிருந்து பால் இல்லாத கட்டஞ்சாயா ஊற்றிக் குடித்தார். மீதியை அவள் வாங்கிக் குடித்தாள்.

வேலியை அன்று சாயங்காலம் முடித்தேன். பெட்டி டிக் டிக் என்று உயிரோடு துடித்தது. ஆனால் யானை மரத்தைத் தள்ளிக் கம்பியை அறுக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். வெடியைக் கைவிட முடியாது. லயத்து முற்றத்தில் கூடிப் பேசினார்கள். இரண்டை இனி வானமும் போடும். ஆகவே கடந்துவிட்டான் என்பதற்கு மூன்று என்று முடிவானது.

எஸ்தர் அடுப்போரம் உட்கார்ந்து மூன்றைச் சேர்த்துக் கட்டினாள். ஜோடியைக் கட்டிய கைக்கு மூன்று பிடிபடவில்லை. அவிழ்த்து மறுபடி கட்டினாள். “அண்ணே, வானம் மூணு போடுமா?”

“போடாதும்மா. மூக்குக்கு ஒண்ணு, வாலுக்கு ஒண்ணு.”

“நல்லாத் தெரியுமா?”

கஞ்சிக்கோட்டில் ஒருவர் ரொட்டியைத் தொட்டுக் காட்டியதாகச் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப ரெண்டு விமானம் சேர்ந்து போனா?”

தெரியவில்லை என்றே சொன்னேன். அந்தோணி கையில் கிழங்கோடு நிமிர்ந்தார். அவள் பட்டையின் கடைசி முடிச்சை இறுக்கினாள்.

மறுநாள் ஜீப்புக்காக ரோட்டில் நின்றிருந்தேன். மேட்டில் ஒரு வெடி கேட்டது. பெண்கள் கொட்டகைக்கு ஏறி வந்தார்கள். வெகுநேரம் கழித்து மூன்று கேட்டது. மற்றவர்கள் தார்ப்பாயைத் தட்டிக்கொண்டு எழுந்தார்கள். எஸ்தர் எழவில்லை. மேட்டையே பார்த்தாள். யூக்கலிப்டஸ் மரங்களுக்கு மேலே வெடிப்புகை மெல்லிய கோடாக எழுந்து பனியில் கலந்தது. வானத்து வெடிக்குப் புகை கிடையாது. அதைப் பார்த்த பிறகுதான் கத்திரியை எடுத்தாள்.

அன்று கடைசியாக இறங்கியவள் எஸ்தர்தான். அவள் இறங்கும் வரை மற்றவர்கள் நல்ல நிரையைத் தொடாமல் நின்றார்கள்.